சத்தத்துக்கு வாய்க்கால் வெட்டியவர்

மலாயாவில் அந்தக் காலத்தில் ஒலிபெருக்கி வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் சத்தத்தைப் பார்த்து, "நீ இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போகாதே" என்று உத்தரவு போட்டவர் ஒரே ஒருவர்தான். சத்தமும் அவர் சொன்னதைக் கேட்டது. வீட்டில் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று புலம்பும் பெரிய மனிதர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கண்ணுக்கே தெரியாத ஒன்றைக் கட்டி மேய்த்த அந்த மனிதருக்கு முன்னால் அவர்களெல்லாம் தூசு.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. மலாக்கா காஜா பெராங்கில் அவர் 'கொம்பர்'. ஒலிபெருக்கிக் குழாயை அவர் கொம்பு என்றுதான் சொல்வார். அதனால் வந்த பெயர். அவரோடு மோதிக்கொண்டவர்கள், "அவருக்கென்ன தலையில் கொம்பா முளைச்சிருக்கு?" என்று கேட்பதுண்டு. தலையில் இல்லை, தோளில் இருந்தது. கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போனாலும் ஒரு தகரக் கொம்பு தோளில் தொங்கும். கத்தரிக்காயை அதற்குள் போட்டுக்கொண்டு வருவார்.

நான் அப்போது அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. கல்யாணமாகாதவன். கொம்பருடைய கடைக்கு மேல்மாடியில் ஓர் அறையில் குடியிருந்தேன். கல்யாணம், திருவிழா, பொதுக்கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை அது. ஆனால் வாடகைக்குக் கேட்டு வந்தவர்களை அவர் நேர்முகத் தேர்வு வைத்துத்தான் எடுத்துக்கொள்வார். எத்தனை பேர் வருவார்கள், எந்தத் திசை பார்த்து உட்காருவார்கள், கொட்டகை அகலமா நீளமா, பக்கத்தில் தகரச் சுவர் இருக்கிறதா என்று கேள்வி மேல் கேள்வி. பதில் பிடிக்கவில்லையென்றால், "உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வர்றதா இல்ல. கொட்டகையைத் திருப்பிப் போட்டா வர்றேன்" என்பார். கொட்டகையைத் திருப்பிப் போட்டவர்கள் உண்டு.

மற்ற ஒலிபெருக்கிக்காரர்கள் தென்னை மரத்தில் ஏறி ஒரு குழாயைக் கட்டி, அதை வானம் பார்க்கத் திருப்பிவிட்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டிவிட்டுப் பசியாறப் போய்விடுவார்கள். கொம்பருக்கு அதைப் பார்த்தாலே கண் சிவந்துவிடும்.

"ஏன்டா மேல பாக்க வெச்சிருக்கே? சாமிக்குக் காது கேக்கலைன்னு உன்கிட்ட வந்து சொன்னுச்சா? கீழ உக்காந்திருக்கிறவனுக்குத்தான்டா கேக்கணும்!"

சத்தம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். கடை வாசலில் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைப் பாட விட்டுவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அதைச் சுற்றி அரைவட்டமாக நடப்பார். எந்த இடத்தில் சத்தம் மெலிகிறதோ அந்த இடத்தில் குனிந்து சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. கண்ணை மூடி நடந்ததில் காஜா பெராங்கில் அவர் விழாத சாக்கடை கிடையாது. ஒருமுறை அலுவலகம் விட்டு நான் திரும்பி வருகிறேன், சாக்கடைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, கரையில் கோடு போடுகிறது. பதறிப்போய் எட்டிப் பார்த்தேன்.

"இங்கதான் தம்பி, சரியா இங்கதான் 'ஸ்' சத்தம் செத்துப் போவுது" என்றார் உள்ளேயிருந்து, முழங்கால் தண்ணீரில் நின்றபடி, முகமெல்லாம் மலர்ச்சி.

அவருடைய பெருமையெல்லாம் ஒரு பெட்டியில் இருந்தது. இடுப்பளவு உயரம். கீழே தாம்பாளம் அளவுக்கு ஒரு காகிதக் கூம்பு. அதற்கு மேலே ஒரு கொம்பு. கனத்த சத்தம் கீழே, மெல்லிய சத்தம் மேலே என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். மூடி போட்ட தேக்குப் பலகைப் பெட்டி. முதுகுப் பலகையை மட்டும் மூன்று முறை வார்னிஷ் அடித்து, கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். யாருமே பார்க்காத முதுகுக்கு எதற்கு வார்னிஷ் என்று கேட்டேன்.

"உன் முதுகையும் யாரும் பாக்கறதில்ல. நீ தேச்சுக் குளிக்கிறியா இல்லியா?"

நான் மாடிக்குக் குளிக்கப் போனேன்.

இந்தப் பெட்டி முதன்முதலில் அரங்கேறியது கிளேபாங்கில், கடற்கரையோரம் நடந்த ஒரு கல்யாணத்தில். எனக்குக் குரல் நன்றாக இருக்கும் என்று யாரோ கொளுத்திப் போட்டதால் அறிவிப்பாளன் நான். தாலி கட்டி முடிந்ததும், மாப்பிள்ளையின் அப்பா என் காதில் வந்து சொன்னார்: "மொதப் பந்தி பொண்ணு வீட்டுக்காரங்களுக்குத்தான். மரியாதையா கூப்பிடுங்க தம்பி." நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெண் வீட்டார் அனைவரும் முதல் பந்திக்கு வரவும்" என்று மூன்று முறை அழைத்தேன். என் குரலைக் கேட்டு எனக்கே புல்லரித்தது.

பெண் வீட்டார் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

கொட்டகையின் இடப்பக்க ஓரத்தில் நாற்காலிகளில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். சாம்பார் வாசனை பொறுக்க விடவில்லை. "அவங்களுக்குப் பசி இல்ல போலிருக்கு" என்று எழுந்து போய் இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டதும் பெண்ணின் தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"பொண்ணைக் குடுத்தவங்களுக்குச் சோறு கெடையாதா? ஒரு வார்த்தை கூப்பிட்டீங்களா?"

"மூணு வாட்டி கூப்பிட்டோம்லா! மைக்குல கூப்பிட்டோம்!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"என்னா கூப்பிட்டீங்க? 'ஊம், ஆம், ஊம்'னு ஒரு மாடு கத்துச்சு. அதுதான் கேட்டுச்சு!"

மாடு நான்தான் என்று புரிந்தபோது என் புல்லரிப்பு அடங்கியது. இரண்டு பக்கமும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். மணப்பெண் கழுத்தில் மாலையோடு அழத் தொடங்கினாள். அந்த நேரத்தில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் புகுந்து, கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஒருவர் தாய்மாமனைக் கேட்டார்:

"அண்ணே, நீங்க எந்த நாற்காலியில உக்காந்திருந்தீங்க?"

கொம்பர். கையில் சுண்ணாம்புக் கட்டி.

தாய்மாமனுக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. "யாருய்யா இவரு?"

"மாடு மாதிரிதானே கேட்டுச்சு? 'ப', 'த', 'ச' ஒண்ணுமே கேக்கலியே? வயித்துல இருந்து வர்ற சத்தம் மட்டும் வந்துச்சா? நெனச்சேன், நெனச்சேன்!" கொம்பர் குதிக்காத குறை. "தம்பி, இன்னொரு வாட்டி சொல்லு. அண்ணே, நீங்க நடுவுல வந்து உக்காருங்க. மாப்ள அப்பா, நீங்க அண்ணன் நாற்காலிக்குப் போங்க."

அவருடைய அவசரத்தில் ஏதோ ஆபத்து நடந்துவிட்டது என்று நினைத்தோ என்னவோ, இருவரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். நான் மறுபடி அழைத்தேன். நடுவில் இருந்த தாய்மாமன் முகம் மாறியது. "அட, நல்லாத்தான் கூப்பிடுறாரு" என்றார். ஓரத்தில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா தலையைச் சொறிந்தார். "ஆமாங்க, மாடுதான்."

சண்டை சிரிப்பாக மாறி, இரண்டு சம்பந்திகளும் ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். ஆனால் கொம்பர் சாப்பிடவில்லை. ஓரத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, தன் பெட்டியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது லாரியில் சொன்னார்:

"கனத்த சத்தம் சாம்பிராணிப் புகை மாதிரி தம்பி. வீடெல்லாம் போவும். மெல்லிசு சத்தம் டார்ச் லைட்டு மாதிரி. நேரா மட்டும்தான் போவும். பேச்சுல உசுரு கனத்துல இருக்கு, அர்த்தம் மெல்லிசுல இருக்கு. ஓரத்துல உக்காந்தவனுக்கு நான் அர்த்தமில்லாம பேசிட்டேன்."

அதன்பிறகு பல வாரங்கள் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. பழைய கொம்பைக் கழற்றிவிட்டு, பலகையைச் செதுக்கி அகலமான வாய் வைத்த புதுக் கொம்பு செய்தார். அதோடு விடவில்லை. கீழே இருக்கும் கூம்பு குரலைச் சுருதியில் ரொம்ப மேலே தூக்கிக்கொண்டு போனால் அதுவும் டார்ச் லைட்டாகக் குறுகிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். எந்தச் சுருதியில் கூம்பும் கொம்பும் ஒரே அளவு அகலத்துக்குச் சத்தத்தை விரிக்கின்றனவோ, அந்த இடத்தில் ஒன்றிடமிருந்து இன்னொன்று வாங்கிக்கொள்ள வேண்டுமாம். கம்பிச் சுருளை மாற்றி மாற்றிச் சுற்றி, அந்த இடத்தைத் தேடினார். ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் ஓடிவந்து இன்னொருவன் கையில் கோலைக் கொடுக்கிறானே, அந்த மாதிரி. கொடுப்பவன் ஒரு தடத்திலும் வாங்குபவன் வேறு தடத்திலும் ஓடினால் கோல் கீழே விழும் அல்லவா? விழுந்த இடம்தான் தாய்மாமன் நாற்காலி.

சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்ட வாசகம்: "பெண் வீட்டார் அனைவரும் முதல் பந்திக்கு வரவும்." காலை முதல் மாலை வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் நிஜமாகவே ஒரு குடும்பம் கடை வாசலில் வந்து நின்று, "சாப்பாடு எங்கேங்க?" என்று கேட்டது.

இதில் அதிகமாக அவதிப்பட்டவர் பக்கத்து வீட்டு பாக் ஜாம். மலாயில் பாக் என்றால் மாமா, ஜாம் என்றால் கடிகாரம். கடிகாரம் பழுது பார்ப்பவர். மலாக்கா செட்டி வம்சம். பல தலைமுறையாக இந்த மண்ணில் ஊறியவர்கள். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருக்கும், சாமி கும்பிடும்போது நாலு தமிழ்ச் சொல் வரும், மற்றபடி பேச்செல்லாம் மலாய்தான். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அதன் துடிப்பில் என்ன கோளாறு என்று கேட்டே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருடைய சுவருக்கு அந்தப் பக்கம் கொம்பர் பந்திக்கு அழைத்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

"டியாம்லா!" என்று ஜன்னலிலிருந்து கத்துவார் பாக் ஜாம். வாயை மூடு என்று அர்த்தம்.

"நீ சும்மா இருய்யா!" என்று பதில் போகும்.

அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு மலாய் அரைகுறை. ஆனாலும் ஒருவர் திட்டியது இன்னொருவருக்குப் புரியாமல் போனதே இல்லை. கடைசியில் பாக் ஜாம் ஒரு தந்திரம் செய்தார். கடையில் பழுதுக்கு வந்திருந்த சுவர்க் கடிகாரம் அத்தனைக்கும் சாவி கொடுத்து, கொம்பர் மைக்கைத் தொட்ட அதே நொடியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பன்னிரண்டு அடிக்க விட்டார். தெருவே அதிர்ந்தது. நான் மாடியில் காதைப் பொத்திக்கொண்டேன். கொம்பர் மட்டும் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து கேட்டார்.

"அடடா! எந்தப் பக்கம் நின்னாலும் ஒரே மாதிரி கேக்குது! பாக், லாகி! லாகி!" இன்னும், இன்னும் என்று மலாயில் கெஞ்சினார்.

எதிரியே கைதட்டினால் என்ன செய்வது? பாக் ஜாம் ஜன்னலை அடைத்துக்கொண்டார்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டு மாதம் வந்தது. ஊரெங்கும் மெர்டேகா, சுதந்திரம் என்ற பேச்சு. காஜா பெராங்கில் நாங்களும் ஒரு விழாக்குழு வைத்தோம். அதற்கு நான் செயலாளர். தலைநகரில் நடக்கும் சுதந்திரப் பிரகடனத்தை ரேடியோவில் பிடித்து, பாக் ஜாம் வீட்டை ஒட்டியிருந்த திடலில், கொம்பரின் பெட்டி வழியாக ஊருக்கே கேட்க வைப்பது என்று முடிவானது. அப்போது வீட்டுக்கு வீடு ரேடியோ ஏது? வரலாறு நடக்கும்போது அதைக் காதாலாவது கேட்க வேண்டும் என்று தோட்டப்புறங்களிலிருந்துகூட ஆட்கள் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பாக் ஜாம் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் வந்து பார்த்த டிரெஸ்ஸர், அதாவது ஆஸ்பத்திரி உதவியாளர், கண்டிப்பான ஆள்.

"இருதயம் ரொம்ப பலவீனமா இருக்கு. திடீர்னு பெரிய சத்தம் கேக்கவே கூடாது. ஒலிபெருக்கி வெச்சீங்கன்னா அப்புறம் நான் பொறுப்பில்ல" என்று குழுவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

குழு கூடியது. வேறு திடல் எதுவும் காலியாக இல்லை. ஒலிபெருக்கியில்லாமல் ஒரே ஒரு ரேடியோவைச் சுற்றி ஊரே எப்படி நிற்கும்? விழாவையே விட்டுவிடலாம் என்றார் தலைவர். "ஆயுசுக்கு ஒரு தடவை வர்ற நாள்ங்க" என்றார் ஒருவர். "அவருக்கும் ஆயுசு ஒண்ணுதான்" என்றார் தலைவர். விழாவை விட்டுவிடுவது என்று முடிவானது. இதைக் கொம்பரிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனேன். கத்தவில்லை. பாக் ஜாம் வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டார். சில நாட்களாக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கடிகாரமும் அடிக்கவில்லை.

"ரம்பம் இருக்கா தம்பி?" என்றார்.

"எதுக்கு?"

"இருக்கா இல்லியா?"

வாங்கிவந்து கொடுத்தேன். பெட்டியைத் திருப்பி வைத்தார். முதுகுப் பலகையை ஒருமுறை தடவினார். பிறகு ரம்பத்தை வைத்து அறுக்க ஆரம்பித்தார். மூன்று பூச்சு வார்னிஷ் பொடிப் பொடியாக உதிர்ந்தது. அவர் நிமிராமல் அறுத்துக்கொண்டே சொன்னார்:

"கூம்பு முன்னால காத்தைத் தள்ளுறப்போ, பின்னால இழுக்குது. முன்னால ஒரு சத்தம், பின்னால அதுக்கு நேர் எதிர்ச் சத்தம். இத்தனை நாளும் பின்சத்தத்தைப் பலகை போட்டு உள்ளயே அடைச்சு வெச்சிருந்தேன். பலகையை எடுத்துட்டா ரெண்டும் வெளிய வரும். பக்கவாட்டுல ரெண்டும் ஒரே நேரத்துல வந்து சந்திக்கும். ஒண்ணு தள்ளும், ஒண்ணு இழுக்கும். அடிச்சுக்கிட்டு ரெண்டும் அங்கேயே சாவும்."

"அப்போ பாக் ஜாம் வீட்டை…"

"பக்கவாட்டுல வெச்சுக்கணும். முன்னால ஜனங்க. பின்னால தென்னந்தோப்பு. தேங்காய்க்கு மெர்டேகா கேட்டா தப்பில்ல."

நோயாளிக்குப் பக்கத்தில் சோதிக்க முடியாது என்று பெட்டியைக் கிளேபாங் கடற்கரைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். கொம்பர் மைக்கில் பெண் வீட்டாரைப் பந்திக்கு அழைக்க, நான் மணலில் பெட்டியைச் சுற்றி நடந்தேன். முன்னால் கணீரென்று கேட்டது. பக்கவாட்டுக்கு வர வரக் குரல் இளைத்தது. சரியாகப் பக்கத்துக்கு வந்து ஓர் அடி எடுத்து வைத்தேன், குரல் இல்லை. அலைச் சத்தம் கேட்டது. கொம்பர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இன்னும் நாலு அடி நடந்தேன், மறுபடி குரல் வந்தது. பின்னால் போய், முன்னால் வந்து, நாலைந்து தடவை அந்த இடத்தைக் கடந்து பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது.

கனத்த சத்தம் முன்பைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தது உண்மை. கொம்பர் அதைப் பொருட்படுத்தவில்லை. "முன்னல்லாம் கொம்பு ஒரு பக்கம் பாக்கும், பெட்டி நாலு பக்கமும் பாக்கும். இப்பத்தான் ரெண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைங்க மாதிரி ஒரே பக்கம் பாக்குது" என்றார். மிச்சமிருந்த கொஞ்ச நஞ்சச் சத்தமும் பாக் ஜாம் பக்கம் கசியக் கூடாது என்று, தன் சொந்தப் பஞ்சு மெத்தையையும் இரண்டு தலையணையையும் கொம்பின் ஓரத்தில் கட்டினார். விழா முடியும்வரை வெறும் பாயில் படுத்தார்.

சுதந்திர நாள் காலை. திடல் நிறைந்து வழிந்தது. தலைநகரில் மழையாம், நிகழ்ச்சி தொடங்கத் தாமதமாகும் என்று ரேடியோ சொன்னது. கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. நான் நழுவிப் போய் பாக் ஜாம் வீட்டு ஜன்னலடியில் நின்று பார்த்தேன். கொசு பறப்பது கேட்டது. ஓடிவந்து கொம்பரிடம் சொன்னேன். அவர் மூக்கை மட்டும் உறிஞ்சினார்.

அப்போதுதான் பாக் ஜாமின் மகள் தேவி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. எங்கள் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான். தலைவர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டார். கொம்பர் முகத்தில் ரத்தம் இல்லை.

"என்னாம்மா? அப்பாவுக்கு…"

தேவிக்குச் சந்தையில் பழகிய தமிழ் கொஞ்சம் வரும். "அப்பா கோவமா இருக்கு. 'அப்ப பசால் தா டெங்கார்? மெர்டேகா சுடா பாத்தால் கா?' கேக்குது."

ஏன் ஒன்றுமே கேட்கவில்லை, சுதந்திரத்தை ரத்து செய்துவிட்டார்களா என்று கேட்கிறாராம் பாக் ஜாம்! விடிந்ததிலிருந்து தலையணையைச் சாய்த்து வைத்து, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறாராம். ஆட்கள் போவதும் வருவதும் தெரிகிறது, ஒரு சத்தமும் இல்லை. "அந்த மனுஷன் எனக்குத் தேவையில்லாத நாளெல்லாம் கத்தினான், தேவைப்படுகிற நாளில் வாயை மூடிக்கொண்டான்" என்று பொரிந்து தள்ளுகிறாராம். இப்படிக் கோபப்பட்டால் இருதயம் தாங்காது, ஏதாவது செய்யுங்கள் என்று டிரெஸ்ஸரே இவளை அனுப்பியிருக்கிறார்.

கொம்பர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அறுத்த பலகை, கட்டிய மெத்தை, படுத்த பாய் எல்லாம் ஒரு கணம் அவர் முகத்தில் வந்து போனதாக எனக்குத் தோன்றியது. பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"தம்பி, நீ பெட்டிகிட்ட நில்லு. நான் கை காட்டுவேன். ஒரு வெரக்கடை, ஒரே ஒரு வெரக்கடைதான் திருப்பணும். வேகமா திருப்பினே, கொன்னுடுவே அவரை!"

தேவியோடு ஓடி, பாக் ஜாம் வீட்டுக்குள் போனார். அத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் அந்த வாசற்படியை அவர் மிதித்தது அன்றுதான். கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் அவர் கை தெரிந்தது. நானும் இன்னும் இரண்டு பேருமாகப் பெட்டியை ஒரு விரற்கடை திருப்பினோம். உள்ளேயிருந்து பலவீனமான குரல் கேட்டதாகத் தேவி பிறகு சொன்னாள்.

"சிக்கிட் லாகி." இன்னும் கொஞ்சம்.

"இன்னும் கொஞ்சம்!" என்று கொம்பரின் கை சொன்னது. நகர்த்தினோம்.

"சிக்கிட் லாகி."

ஆயுள் முழுக்க அவரை வாயை மூடச் சொன்ன மனிதர், கூட்டு, கூட்டு என்று கேட்கிறார். ஐந்தாவதோ ஆறாவதோ முறை, போதும் என்று கை விரிந்தது. கையை எடுத்துவிட்டுப் பெட்டியருகிலேயே நின்றேன். சற்றைக்கெல்லாம் ரேடியோவில் கூட்டத்தின் ஆரவாரம் எழுந்தது. பிரகடனம் வாசிக்கப்பட்டது. பிறகு அந்த முழக்கம்: மெர்டேகா! ஏழு முறை. எங்கள் திடலும் ஏழு முறை திருப்பி முழங்கியது. பக்கத்தில் நின்றவர் யாரென்றே தெரியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டோம். என் சட்டை தோளில் நனைந்திருந்தது. என் கண்ணீரா அவர் கண்ணீரா தெரியவில்லை.

உள்ளே நடந்ததைத் தேவி சொல்லித்தான் கேட்டேன். முதல் முழக்கம் மெல்லிசாக ஜன்னல் வழியே வந்து விழுந்ததும், பாக் ஜாமும் சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். உதடு அசைந்தது, குரல் எழவில்லை. அதைப் பார்த்தாராம் கொம்பர். அவருக்கும் சேர்த்து, அந்தச் சின்ன அறைக்குள், நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, தன் நெஞ்சு வெடிக்கும்படி ஏழு முறை கத்தியிருக்கிறார். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்ததாம். ஒரு துளிச் சத்தம் போகக் கூடாது என்று நாள் கணக்காகப் பாடுபட்டவர்!

டிரெஸ்ஸர் தலையில் அடித்துக்கொண்டு நாடியைப் பிடித்துப் பார்த்தார். "நேத்தைக்கு நல்லா இருக்கே!" என்றாராம் குழப்பத்தோடு. நேற்றைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறார். அவசரத்தில் தமிழ் குழறிவிட்டது.

பாக் ஜாம் பிழைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் எழுந்து உட்கார்ந்து கடிகாரத்தைக் காதில் வைத்தார். சண்டை பழையபடி தொடங்கியது. ஆனால் பெட்டிக்கு மட்டும் முதுகுப் பலகை திரும்ப வரவில்லை. கனத்த சத்தம் குறைகிறதே என்று வாடகைக்கு எடுத்தவர்கள் முணுமுணுத்தார்கள். நானும் ஒருநாள் கேட்டேன்.

"அவரு நல்லா ஆவட்டும், பலகையை அடிச்சுக்கலாம்" என்றார் கொம்பர், ரம்பத்தைத் தேய்த்துக்கொண்டே. சுவருக்கு அந்தப் பக்கம் பாக் ஜாம் அப்போது யாரையோ உரக்கத் திட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் எனக்கு ஜொகூருக்கு மாற்றல் வந்தது. நான் பஸ் ஏறிய அன்று கொம்பர் வழியனுப்ப வந்தார். என் டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றினார், சீட்டில் தூசி தட்டினார், இறங்கிப்போய் நின்றுகொண்டார். பஸ் உறுமிக் கிளம்பியபோது என்ன நினைத்தாரோ, ஓடிவந்து இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து என்னிடம் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். வாழ்நாளில் அவர் தப்பான இடத்தில் நின்று பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு எழுத்துகூட என் காதில் விழவில்லை. எல்லாம் கேட்டுவிட்டவன் போல, பஸ் திரும்பும்வரை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.